கூட எழுதிய இரண்டு அங்குலம்

இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, இடுப்பு வலி தாங்காமல் அதை விட்ட பிறகு, வெர்லீன் போஸிக்குக் கிடைத்த வேலை ஊரார் பிடித்துக்கொண்டு வரும் மீனை அளப்பது. டால்பர்ட் ஏரியில் டர்னர் முனை என்ற இடத்தில் படகு இறக்கும் துறை இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், காலை பத்து மணிக்கு அங்கே தன் பிக்கப் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவாள். கரையேறும் படகுக்காரர்களிடம் போய், எத்தனை பேர் போனீர்கள், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டீர்கள், ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறீர்களா என்று கேட்பாள். மீனை ஒவ்வொன்றாக எடுத்து, அங்குலக் கோடு போட்ட பலகையில் வாயை ஒரு முனையில் முட்டவைத்து, வாலை ஒடுக்கி அளந்து, தாளில் எழுதுவாள். யாராவது சம்மதித்தால் இரண்டொரு மீனின் தலையை அறுத்துப் பையில் போட்டு, நீளத்தைப் பைமேல் எழுதி வைப்பாள். தலைக்குள் இருக்கும் காதெலும்பை வெட்டிப் பார்த்தால் மீனின் வயது தெரியுமாம்.

அளக்கும் மீன் எல்லாம் கிராப்பிதான். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளியாய்ப் பளபளத்து, மேலெல்லாம் கறுப்புப் புள்ளி தெளித்திருக்கும். உதடு காகிதம் போல மெல்லிசு. தூண்டிலை வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். மார்ச் மாதம் முட்டையிடக் கரையோரம் வரும்போது அந்த ஊரில் தேவாலயம் பாதி காலியாகிவிடும். மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்தால் வாசனை மூன்று வீடு தாண்டிப் போகும்.

வெர்லீனை வேலைக்கு வைத்தவள் லின் டிரான் என்ற மீன்வள ஆய்வாளர். முப்பத்தொரு வயது. கடற்கரைப் பக்கம் பிலாக்சியில் இறால் படகு வைத்திருந்தவரின் மகள். பேச்சு படபடவென்று வரும்.

"மத்த ஏரியில இருக்கிறது சத்தில்லாத மெலிஞ்ச தண்ணி, மிஸ் வெர்லீன்," என்றாள் முதல் நாளே. "அங்க குட்டி மீன விட்டுவச்சீங்கன்னா எல்லாம் சேந்து பட்டினி கெடக்கும், வளராது. இது அப்படியில்ல. சுத்திலும் இருக்கிற வயக்காட்டு மண்ணும் உரமும் மழைக்கு இங்கதான் வந்து சேருது. கொழுத்த ஏரி. ஒன்பது அங்குல மீன இன்னும் ஒரு வருஷம் சும்மா விட்டா பன்னெண்டுக்குப் போயிடும். விடத்தான் யாரும் இல்ல."

அப்போது இருந்த விதிப்படி ஓர் ஆள் ஒரு நாளைக்கு இருபது மீன் வரை வைத்துக்கொள்ளலாம். சின்னது பெரியது கேள்வி கிடையாது. மீன்வளத் துறை கொண்டுவர நினைத்தது தலைக்குப் பத்து. பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்ததெல்லாம் திரும்பத் தண்ணீருக்கு. அதற்கு ஆதாரமாகத்தான் இரண்டு வருடக் கணக்கெடுப்பு. முதல் வருடம் வெர்லீனுக்கு நன்றாகவே போயிற்று. வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் பேருந்தில் ஏறி இறங்கிய பிள்ளைகள். "மிஸ் வெர்லீன், நான் பின் சீட்டுல வாந்தி எடுத்தேனே, ஞாபகம் இருக்கா?" என்பான் ஒரு முப்பது வயதுக்காரன். "அத கழுவினது நான்தானடா, எப்படி மறக்கும்?" என்பாள்.

இரண்டாம் வருடம் புது விதி பற்றிய பேச்சு வெளியே கசிந்தது. தூண்டில் இரை விற்கும் கடையில், பெட்ரோல் போடும் இடத்தில், எங்கும் அதே பேச்சு. ஐஸ் பெட்டிகள் திறக்க மறுத்தன. "என் மீன அளந்து என் வாய்லயே மண்ண போடுறியா?" என்று ஒருவர் காலடியில் துப்பிவிட்டுப் போனார். இரைக்கடை வைத்திருந்த நெட்டி குவின், வெர்லீனோடு பள்ளியில் படித்தவள், நேராகவே சொன்னாள்: "உன்மேல எனக்குக் கோவம் இல்ல வெர்லீன். ஆனா அந்த விதி வந்தா என் கடைக்கு எவன் வருவான்? உன் பலகையத் தூக்கி அடுப்புல போடணும் போல இருக்கு."

இதெல்லாம் வெர்லீனை வருத்தியது, பயமுறுத்தவில்லை. பயம் டாய்ல் ஹார்கிஸ் உருவத்தில் வந்தது.

டாய்ல் அந்த ஏரியில் மீன்பிடி வழிகாட்டி. வெளியூர்க்காரர்களை மூன்று பெரிய படகுகளில் கூட்டிப்போய், பெட்டி நிறைய மீனோடு திருப்பி அனுப்புவது அவன் தொழில். ஆறடி இரண்டங்குலம். குரல் மட்டும் சின்னது. அவன் பேசினால் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும். அவனும் அவள் பேருந்தில் வந்தவன்தான், இரண்டாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் வாய் திறக்காமல் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடும். முகம் வெளுத்திருக்கும். அதை வெர்லீன் கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். என்ன ஏது என்று ஒரு முறையும் கேட்டதில்லை. வண்டி அமைதியாக இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டாள்.

மார்ச் முதல் வாரம் டாய்ல் நான்கு ஆட்களோடு கரையேறினான். எண்பது மீன். பெட்டியைத் தானே திறந்து கொடுத்தான். வெர்லீன் அளந்துகொண்டே போனாள். ஒன்பது, ஒன்பதரை, எட்டே முக்கால், பத்து, ஒன்பது. பன்னிரண்டைத் தொட்டவை ஆறே ஆறு. அவன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சுக் காற்று கழுத்தில் பட்டது.

"கையெழுத்து அழகா இருக்கு, மிஸ் வெர்லீன்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.

அடுத்த வாரம் அவள் வண்டியின் பின்சக்கரம் இரண்டிலும் காற்று இல்லை. கிழிக்கவில்லை, யாரோ வால்வைக் கழற்றிப் பக்கத்திலேயே ஒழுங்காக வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் கழித்து அவள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கிராப்பி கிடந்தது, வெயிலில் அழுகி. அளந்தால் எட்டங்குலம் இருக்கும். அளக்கத் தோன்றியதை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது. கழுவிக் கழுவிப் பார்த்தாள். தபால் காகிதங்களில் அந்த நாற்றம் ஒரு மாதம் இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. டாய்ல் படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிவிட்டு, கிளம்பும்போது அவள் அருகே வண்டியை மெதுவாக்கினான்.

"உங்க வீட்டுப் பின்பக்கம், மேலேர்ந்து மூணாவது படி ஆடுது, மிஸ் வெர்லீன். பாத்து எறங்குங்க. தனியா இருக்கிறவங்க விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?"

அவன் போய்விட்டான். வெர்லீன் பலகையைப் பிடித்தபடி நின்றாள். அவள் வீடு மண்சாலையின் கடைசியில், மரங்களுக்கு நடுவே இருந்தது. பின்படி முன்வாசலிலிருந்து தெரியாது. வீட்டைச் சுற்றிப் போய்ப் பின்கதவுக்கு முன்னால் நின்றால்தான் தெரியும். ஏறி மிதித்தால்தான் ஆடுவது தெரியும்.

அன்று மாலை வீட்டுக்குப் போனவள் பின்கதவைத் தாழிட்டு, அதற்கு முட்டாகச் சாப்பாட்டு மேஜையைத் தள்ளிப் போட்டாள். ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்யலாமா என்று எடுத்தாள். என்ன சொல்வது? படி ஆடுவதாக ஒருவன் எச்சரித்தான் என்றா? போனை வைத்துவிட்டாள். கணவன் இறந்து ஏழு வருடம். தனிமை அவளுக்குப் பழகியிருந்தது. அன்றைக்குத்தான் தான் ஒருத்தியாக இருப்பது அவள் உடம்புக்கே புரிந்த மாதிரி இருந்தது. அடுப்பில் வைத்த பீன்ஸ் கரிந்து புகை வந்த பிறகுதான் சமைத்துக்கொண்டிருந்ததே நினைவுக்கு வந்தது.

மறுநாளுக்கு மறுநாள் நல்ல மழை. நாலே நாலு படகுதான் போயிருந்தது. அதில் இரண்டு ஏற்கெனவே கரையேறிப் போய்விட்டது. மதியம் இரண்டு மணி இருக்கும். வெர்லீன் வண்டிக்குள் உட்கார்ந்து உப்பு பிஸ்கட்டும் டப்பா சாசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. சாலைக்குப் போகும் வழியை மறித்தபடி நின்றதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பூட்டை அழுத்தக் கை போவதற்குள் அடுத்த பக்கக் கதவு திறந்தது. டாய்ல் ஏறி உட்கார்ந்தான். மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சீட்டில் சொட்டியது.

"என்ன மழை," என்றான். "சாப்பிடுங்க சாப்பிடுங்க. நான் சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்."

கடித்த பிஸ்கட்டை அவள் டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"ரெண்டு வருஷமா எல்லாரையும் கேள்வி கேக்குறீங்க. நான் ஒண்ணு கேக்கட்டா? இந்தத் தாள்ல இருக்கிறதத்தான் அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏத்துது, இல்ல?"

தலையசைத்தாள்.

"பெரிய மீன் நெறைய வருதுன்னு தாள்ல இருந்தா, விதி எதுக்குன்னு விட்டுடுவாங்க. அப்படித்தான?"

"எனக்குத் தெரியாது டாய்ல். நான் அளக்குறவ மட்டும்தான்."

"அதான் சொல்றேன். அளக்குறவங்க கொஞ்சம் தாராளமா அளந்தா என்ன? ஒன்பத பதினொண்ணுன்னு போடுங்க. பத்த பன்னெண்டுன்னு போடுங்க. ரெண்டே ரெண்டு அங்குலம். மீனுக்கு வலிக்கவா போகுது?" சிரித்தான். பிறகு அவள் மடியில் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பினான். அவள் காதுக்குப் பின்னால் செருகியிருந்த பேனாவை இரண்டு விரலால் மெதுவாக உருவி, அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினான். "எழுதுங்க. நான் சொல்றேன்."

எழுதினாள். அவன் சொல்லச் சொல்ல இல்லாத மீன்களுக்கெல்லாம் நீளம் எழுதினாள். எண்கள் கோணிக்கொண்டு போயின. "மெதுவா, மெதுவா, கையெழுத்து கெட்டுப்போகுது பாருங்க," என்றான். முழுத் தாளும் நிரம்பியதும் அவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். ஒரு விரல் கூட அவள்மேல் கோபமாய்ப் படவில்லை. அவன் வண்டிச் சத்தம் மறைந்த பிறகு வெர்லீன் கதவைத் திறந்து, தரையில் குனிந்து, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

அதற்கு மேல் நடந்ததுதான் அவளுக்கு இன்றைக்கும் விளங்காதது. மறுநாள் டாய்ல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. யாரும் பக்கத்தில் இல்லை. வெயில் நன்றாக அடித்தது. வயதான தம்பதி ஒன்று பதினான்கு மீனோடு வந்து, பலகைமேல் தாங்களே எடுத்து வைத்தார்கள். முதல் மீன் ஒன்பதேகால் இருந்தது. வெர்லீன் பதினொன்றேகால் என்று எழுதினாள். அடுத்தது பத்து, பன்னிரண்டு என்று எழுதினாள். யாரும் சொல்லாமல், தானாக. இப்படி எட்டு வேலை நாள். முதல் நாளையும் சேர்த்தால் ஒன்பது. தலை எதையும் அறுக்கவில்லை, எழுதிய நீளம் வயதுக்குப் பொருந்தவில்லை என்று காதெலும்பு காட்டிக்கொடுத்துவிடும். சாலையில் எந்த வண்டி திரும்பினாலும் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். இப்போது பயம் இரண்டு பக்கம் இருந்தது. டாய்ல் வருவானோ என்று ஒன்று, லின் கண்டுபிடித்துவிடுவாளோ என்று ஒன்று.

ஒன்பதாம் நாள் டாய்ல் வந்தான். அவள் மடியிலிருந்து தாள்களை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். மொத்தம் போட்டிருந்த கடைசித் தாளைப் போனில் படம் எடுத்தான். "நல்ல பொம்பள," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

லின் அன்று மாலையே தாள்களை வாங்க வந்தாள். நின்ற இடத்திலேயே புரட்டினாள். அவள் புருவம் லேசாகச் சுருங்கியது.

"பெரிய மீனா வந்திருக்கே."

"ஆமா. மழைக்கு அப்புறம்..." என்று இழுத்தாள் வெர்லீன்.

"தலை ஒண்ணுகூட இல்லையா?"

"யாரும் குடுக்கல. எல்லாரும் அவசரத்துல இருக்காங்க."

லின் அவளை ஒரு கணம் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா மிஸ் வெர்லீன்? எளைச்சுப் போயிட்டீங்க. நாளைக்கு புது விதி பத்தின மீட்டிங் முடிஞ்சதும் ஒரு வாரம் லீவு போட்டுக்கோங்க, நான் பாத்துக்குறேன்." தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தக் கை பட்ட இடம் வெர்லீனுக்கு எரிந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொண்டது. லின்னின் வண்டி திரும்பி மறையும் வரை பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பொதுக்கூட்டம் மறுநாள் மாலை ஆறு மணிக்கு, தீயணைப்பு நிலையத்தில். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே இரும்பு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. நூற்றைம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், சுவரோரமெல்லாம் ஆள். நிலையத் தலைவர் ஓட்டிஸ் யார்ப்ரோ கூட்டத்தை நடத்தினார். வெர்லீன் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வராமல் இருந்திருக்கலாம். வராவிட்டால் டாய்ல் என்ன நினைப்பானோ என்றுதான் வந்தாள்.

லின் திரையில் படம் போட்டுக் காட்டிப் பேசினாள். மீன் எந்த வயதில் எவ்வளவு வளர்கிறது, எந்த நீளத்தில் பிடிபட்டுவிடுகிறது என்று. "ஒரு வருஷம் பொறுங்கன்னுதான் கேக்குறேன். அதே மீன், ரெண்டு மடங்கு கறி."

"ஒரு வருஷம் என் கடைய யார் நடத்துவா, நீயா?" என்று நெட்டி குவின் முன்வரிசையிலிருந்து கேட்டாள். கூட்டம் கை தட்டியது.

அப்போது டாய்ல் எழுந்தான். அவன் குரலைக் கேட்க எல்லோரும் அடங்கினார்கள்.

"நான் சண்டை போட வரல. இவங்க கணக்கையே சொல்றேன். போன ஒன்பது நாள்ல டர்னர் முனையில அளந்தது நூத்தி எண்பத்தாறு மீன். அதுல பன்னெண்டும் அதுக்கு மேலயும் நூத்தி நாலு." போனைப் பார்த்து வாசித்தான். "பாதிக்கு மேல. பெரிய மீன் தானா வருது. அப்புறம் விதி எதுக்கு?"

கூட்டத்தில் ஒரு ஹோ என்ற இரைச்சல். லின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தாள் நேத்து சாயங்காலந்தான் என் கைக்கு வந்தது," என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மிஸ் வெர்லீன் காட்டினாங்க. ரகசியமா என்ன?" அவன் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தான். "காட்டினீங்கதான?"

நூற்றைம்பது தலைகள் திரும்பின.

"ஆமா," என்றாள். "காட்டினேன்."

டாய்ல் புன்னகைத்தான். "இருபத்திரண்டு வருஷம் நம்ம பிள்ளைங்கள ஏத்திட்டுப் போனவங்க. பொய் எழுதுறவங்களா இவங்க? நீங்களே சொல்லுங்க."

"இல்ல, இல்ல," என்றார்கள் பலர். யாரோ அவள் முதுகில் தட்டினார்கள். அவளுக்கு அந்த நிமிடம் கதவைப் பார்க்கத் தோன்றியது. மூன்று அடி தூரம். எழுந்தாள், போய்விடத்தான் எழுந்தாள். ஆனால் எழுந்ததும் எல்லோரும் அவள் பேசப்போவதாக நினைத்து அமைதியானார்கள். அந்த அமைதியில் அவள் வாயிலிருந்து அவளுக்கே தெரியாத குரல் வந்தது.

"அது பொய்க் கணக்கு. நான்தான் எழுதினேன். எல்லா மீனுக்கும் ரெண்டு அங்குலம் கூடப் போட்டு எழுதினேன்."

ஒருவர் கத்தினார்: "அப்போ ரெண்டு வருஷக் கணக்கும் பொய்தானா?" அடுத்த நொடி கூடம் முழுக்க இரைச்சல். லின்னின் முகம் வெளுத்துப்போனது. அதைப் பார்த்தபோதுதான், உண்மையைச் சொல்லி அந்தப் பெண்ணையும் கவிழ்த்துவிட்டோம் என்பது வெர்லீனுக்கு உறைத்தது. முன்னால் இருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டிஸ் மேஜையைத் தட்டினார். "எதுக்கும்மா அப்படி எழுதின?"

"பயந்து."

"யாருக்குப் பயந்து?"

"டாய்லுக்கு. மழை நாள்ல என் வண்டில ஏறி உக்காந்து எழுத வச்சான்."

டாய்ல் கைகளை விரித்தான். துளியும் கோபமில்லை. "நான் உங்கள அடிச்சனா மிஸ் வெர்லீன்?"

"இல்ல."

"திட்டினனா?"

"இல்ல."

"மெரட்டினனா? என்ன சொன்னேன்? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

வெர்லீன் வாயைத் திறந்தாள். "என் வீட்டுப் பின்படி ஆடுதுன்னு சொன்ன."

எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு பரவியது. வாய்விட்டுச் சொன்னபோது அது அவ்வளவு சின்னதாக இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. தான் நிஜமாகவே பைத்தியமோ, ஒன்றுமில்லாததற்கு ஒன்பது நாள் செத்துச் செத்துப் பிழைத்தோமோ என்று ஒரு கணம் தோன்றியது.

முன்வரிசையில் நெட்டி குவின் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவ வீட்டுப் பின்படிய நீ எப்ப பாத்த, டாய்ல்?"

டாய்ல் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"நான் அவகூட நாப்பத்தஞ்சு வருஷமாப் பழகுறேன், எனக்கே அந்தப் படி எங்க இருக்குன்னு தெரியாது. காட்டுக்குள்ள இருக்கிற வீடு. நீ அங்க என்ன பண்ணிட்டு இருந்த?"

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. பெண்கள்தான் முதலில் நிறுத்தினார்கள். டாய்ல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். "கேள்வி கேக்குறது ஊர்ல எல்லாருக்கும் பழக்கமாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு நடுவழியாக நடந்து வந்தான். வெர்லீனின் பக்கத்தில் வந்தபோது ஒரு விநாடி நின்றான். பிறகு வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அது தன் வீட்டுப் பக்கம் திரும்புகிறதா என்று அவள் காது உற்றுக் கேட்டது. கண்டுபிடிக்க முடியவில்லை.

லின் மெதுவாகப் பேசினாள். அந்த ஒன்பது நாளையும் நீக்கிவிடுவதாகவும், அதற்கு முன்னால் எழுதியவற்றுக்குக் காதெலும்புப் பைகள் சாட்சி என்றும், மீன்வளத் துறை தானே வலை வைத்துப் பிடித்த கணக்கு தனியாக இருக்கிறது என்றும். யார் கேட்டார்களோ தெரியாது. பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று நெட்டி தன் வண்டியில் வெர்லீனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இன்னும் அந்த விதி எனக்குப் பிடிக்கல. அத ஞாபகம் வச்சுக்கோ," என்றாள் வழியில். பிறகு ஒரு மைல் தாண்டியதும், "கண்டாரோலிப் பய," என்றாள். பதினோரு நாள் வெர்லீன் அங்கே இருந்தாள்.

வேலை போயிற்று. லின் நேரில் வந்து சொன்னாள். தாளில் பொய் எழுதியவரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்காது. "தாள் வாங்க வந்தப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்று மட்டும் கேட்டாள். "சொல்லியிருக்கலாம்," என்றாள் வெர்லீன். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். பின்படியில் நின்று, ஏறி இறங்கிப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. வெர்லீன் வீட்டுக்குத் திரும்பி, முன்னும் பின்னும் விளக்கு மாட்டினாள். மேஜையைக் கதவிலிருந்து நகர்த்த ஜூன் மாதம் வரை மனம் வரவில்லை.

விதி அடுத்த வருடம் ஜூலையில் வந்தது. தலைக்குப் பத்து, பன்னிரண்டு அங்குலம். முதல் வசந்தம் ஊரே திட்டியது. நெட்டியின் கடையில் இரை மீன் விடும் இரண்டு தொட்டி காலியாகக் கிடந்தது. இரண்டாம் வசந்தம் பதின்மூன்று, பதினாலு அங்குல மீன்கள் வரத் தொடங்கின. மூன்று மாநிலம் தாண்டி ஆட்கள் வந்தார்கள். அதில் மிக அதிகம் லாபம் பார்த்தவன் டாய்ல்தான். பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம் அவன் படகுகளிலெல்லாம் ஒட்டியிருந்தது. விதியை முதலில் ஆதரித்தவனே தான்தான் என்பது போல வெளியூர்க்காரர்களிடம் பேசினானாம்.

அந்த ஏப்ரலில் ஒரு காலை வெர்லீன் மளிகைக்கடையிலிருந்து முட்டையும் மாவும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே டாய்ல். கண்ணாடிக் கதவைத் தன் பெரிய கையால் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கைக்குக் கீழே குனிந்துதான் அவள் போக வேண்டும்.

"நல்லா இருக்கீங்களா, மிஸ் வெர்லீன்?"

முட்டைப் பெட்டி கையில் கடகடவென்று ஆடியது. கடைக்குள் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் போல, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்ல டாய்ல்," என்றாள். குரல் உடைந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "நீ என் வண்டில ஏறி உக்காந்த நாள்லேர்ந்து நான் நல்லா இல்ல. இப்பவும் உன்னப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. நான் பயந்துதான் இருக்கணும்னு நீ நெனச்ச. அதுக்குத்தான் அப்படிப் பண்ண."

அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றது, எங்கே போவதென்று தெரியாமல். அவள் அவன் திறந்து பிடித்த கதவு வழியாகப் போகவில்லை. திரும்பிக் கடைக்குள் நடந்து, காய்கறிப் பக்கம் இருந்த இன்னொரு கதவு வழியாக வெளியேறினாள். வண்டியில் ஏறி நாலு பக்கமும் பூட்டினாள். முட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். இரண்டு முட்டை உடைந்திருந்தது. மற்றது நன்றாக இருந்தது. வண்டியைக் கிளப்பி, அவன் நிற்கும் பக்கம் பார்க்காமல், வீட்டுக்குப் போனாள்.